முப்பது மணி ஊர்

சித்தி விமானம் ஏறியது ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் மத்தியானம் இரண்டு வாய் சாப்பிட்டதோடு சரி. அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. விமான நிலைய வாசலில் சித்தப்பா அவள் உதட்டைக் கவனித்தார். காய்ந்து வெடித்திருந்தது. அது அவருக்குத் திருப்தியாக இருந்தது.

"தலை சுத்துதா?"

"லேசா."

"அது நல்லதுதான். வயிறு காலியாயிடுச்சுன்னு அர்த்தம். ஜன்னல் பக்கம் உக்காந்துக்கோ. கண்ணைக் கட்டிக்கோ. எழுந்திரிக்காத, அலையாத. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட வாயைக் கொடுக்காத."

"பேசாம இருக்கறதுக்குத்தானே உங்களைக் கட்டிக்கிட்டு இருபது வருஷமா பழகியிருக்கேன்," என்றாள் சித்தி.

அவர் சிரிக்கவில்லை. அவளுடைய கைப்பையைத் திறந்து, தண்ணீர்ப் பாட்டில் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாளா என்று துழாவினார். கறுப்புத் துணியில் அவளே தைத்துக்கொண்ட கண்பட்டி மேலாகவே இருந்தது. கம்பளிச் சட்டையின் பொத்தானைப் போடப் போனவளைத் தடுத்தார்.

"குளிரட்டும். குளிர்ல உடம்பு அடங்கிக் கிடக்கும்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் சித்தி திரும்பிப் பார்த்தாள். கையைக்கூட வீணாக ஆட்ட வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால் தலையை மட்டும் அசைத்தாள்.

சித்தப்பாவைத் தெரியாதவர்கள் இதைப் படித்தால் கொடுமைக்காரர் என்று நினைப்பார்கள். அவர் அலங்கார மீன்களைப் பொட்டலம் கட்டி விமானத்தில் அனுப்புகிறவர். உயிரை அதிக தூரம் அனுப்பத் தெரிந்த ஆள் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான் என்று எல்லோரும் நம்பினோம். சித்தியும் நம்பினாள். நான் அப்போது ஊரில் இல்லை. சித்தப்பாவின் அண்ணன் மகளான நான் எந்த நாட்டில் எந்த ஓட்டலில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்பதே அவர்களுக்குச் சரியாகத் தெரியாத காலம் அது. இங்கே எழுதுவது சித்தப்பா சொன்னது, சித்தி போனில் சொன்னது, கொட்டகையில் மீன் பிடித்துக் கொடுக்கும் வலைக்காரர் சொன்னது. கடைசிப் பகுதியை மட்டும் நானே பார்த்தேன்.

சித்தப்பா வேலை செய்யும் கொட்டகை, விமான நிலையத்தின் சரக்கு வாசலுக்குப் பின்னால் போகும் சாலையில் இருக்கிறது. தகரக் கூரை. உள்ளே நுழைந்தால் முதலில் காதில் விழுவது காற்றுப் பம்பின் இரைச்சல். பழகியவர்களுக்கு அது கேட்காது. நின்றால்தான் திடுக்கிட்டு நிமிர்வார்கள். இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள், தரையெல்லாம் ஈரம். சித்தப்பாவின் கால்விரல்கள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியே இருக்கும்.

பத்தொன்பது வயதில் தொட்டி கழுவ வந்தவர். அந்த நாளில் தூரத்து ஊர்களுக்குப் போன பெட்டிகளில் பாதிக்கு மேல் செத்துத்தான் போய்ச் சேரும். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. ஆறேழு வருஷம் இதைப் பார்த்த பிறகு சித்தப்பா ஒரு வேலை செய்தார். கட்டிய பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். விமானம் போய்ச் சேரும் நேரம் வந்ததும் திறந்து பார்த்தார். ஒரு பெட்டி மீனுக்குத் தீனி கொடுத்துக் கட்டினார், இன்னொன்றைப் பட்டினி போட்டுக் கட்டினார். ஒன்றை வெளிச்சத்தில் வைத்தார், ஒன்றை இருட்டில். இப்படி இரண்டு வருஷம். அதற்கு நடுவில் கல்யாணமும் ஆகிவிட்டது.

"புதுப் பொண்ணா வந்து படுத்தா, கட்டிலுக்குக் கீழ நூறு பேர் படுத்திருக்காங்க," என்று சித்தி சொல்லிச் சிரிப்பாள். "அத்தனை பேரும் செத்துட்டாங்களா இருக்காங்களான்னு பாக்கத்தான் இந்த மனுஷன் காலையில எழுந்திருப்பாரு. நான் இருக்கேனான்னு ஒரு நாளும் பாத்ததில்ல."

கடைசியில் அவர் கண்டுபிடித்தது நான்கே விஷயம். வயிறு காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கழிவு இறங்கித் தண்ணீர் கெட்டு, அந்தத் தண்ணீரே மீனைக் கொல்லும். இருட்டு வேண்டும், வெளிச்சம் பட்டால் துள்ளும். குளிர்ச்சி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அசையக் கூடாது. அசைகிற மீன் பையில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். இந்த நான்கையும் பிடித்துக்கொண்டதிலிருந்து அவர் கட்டிய பெட்டிகளில் சாவு அடியோடு குறைந்தது. கொட்டகையில் அவருக்குப் 'பொட்டலம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. முதலாளியம்மா முதல் லாரி டிரைவர் வரை 'பொட்டலம் அண்ணே'தான்.

அங்கே எந்த ஊரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எத்தனை மணி நேரத்துக்குப் பை தாங்க வேண்டுமோ அதுதான் ஊரின் பெயர். பத்து மணி ஊர், பதினெட்டு மணி ஊர். "இருபத்திரண்டு மணி ஊர்ல பனியாம், குளிர் ஏறாம பெட்டியில இன்னொரு தாள் சுத்தி வை" என்பார்கள். சித்தப்பா போனில் ஓர் இணையதளத்தைத் திறந்து, இந்த விமான நிலையம், அந்த விமான நிலையம் என்று இரண்டு பெயரைப் போடுவார். நடுவில் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர், பறக்க இத்தனை மணி என்று அது சொல்லும். உலகப் படத்தில் ஒரு வளைந்த கோடு விழும். அதைப் பார்த்து அவர் ஒரு முறைகூட அசந்ததில்லை.

"இது ஆகாசத்துக் கணக்கு. மீன் சாகறது தரையில," என்பார். வரிசையில் காத்திருப்பது, விமானம் மாறுவது, பெட்டியை வெயிலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது, எல்லாவற்றையும் சேர்த்து, அதற்கு மேல் இன்னும் பாதி கூட்டித்தான் பை கட்டுவார். வாங்கியவர் பெட்டியைத் திறந்து செத்ததை எண்ணிச் செய்தி அனுப்புவார். ஒன்றும் சாகவில்லை என்று வந்தால் வலைக்காரர் கொட்டகையே அதிரும்படி "ஜீரோ!" என்று கத்துவார். அன்றைக்கு முழுக்க சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சித்தி தையல்காரி. சீருடை தைக்கும் பட்டறையில் காலர் மட்டும் தைப்பாள். காலர் தைப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அந்தப் பட்டறைக்காரர்கள் வெகு தூரத்தில் இன்னொரு பட்டறை திறந்தார்கள். ஒரு வருஷம் வந்திருந்து அங்கே உள்ளவர்களுக்குக் காலர் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒருவர் அவளை 'வர முடியுமா' என்று கேட்கிறார். அவள் சரி என்று சொல்லிவிட்டுத்தான் சித்தப்பாவிடம் சொன்னாள். போகிறேன், ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிடுகிறேன் என்றாள். அவருக்கு அந்த இரண்டாவது பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. முழுசாகப் போய் முழுசாகத் திரும்பி வர வேண்டும். அது அவர் பொறுப்பு.

இணையதளத்தில் போட்டுப் பார்த்தார். நேராகப் பறந்தால் பதினாறு மணி. நேராகப் போகும் விமானம் இல்லை. பதினான்கு மணி ஒன்று, நடுவில் ஏழு மணி காத்திருப்பு, பிறகு நான்கு மணி ஒன்று. முன்னும் பின்னும் சேர்த்தால் முப்பது.

"முப்பது மணி ஊர்," என்றார் கொட்டகையில். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அவ்வளவு தூரத்துக்கு அவர்கள் மீன் அனுப்பியதே இல்லை.

"அப்ப அண்ணியை ரெண்டு பையாப் போட்டு, ரப்பர் பேண்டும் ரெண்டாச் சுத்திடுங்க," என்றார் வலைக்காரர்.

"விளையாடாத. முப்பதுக்கு நாற்பத்தஞ்சாப் போட்டுக்கணும்."

அவர் விளையாடவில்லை என்பது வலைக்காரருக்கு அப்போது உறைக்கவில்லை. சித்திக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. விமானத்தின் கழிப்பறைக் கதவை எப்படித் திறப்பது, உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அவளுக்கு ஒரு வாரமாக வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. குடிக்காவிட்டால் போக வேண்டியதில்லை. இருபத்தைந்து வருஷம் தையல் மிதித்த கால்களில் நீல நரம்புகள் கயிறு போலப் புடைத்திருந்தன. அதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

பதினான்கு மணி நேரமும் அவள் அசையவில்லை. பணிப்பெண் தண்ணீரோடு வந்தபோதெல்லாம் கண்பட்டிக்கு அடியிலிருந்தே உள்ளங்கையைக் காட்டினாளாம். நடு வழியில் இறங்கிய ஊரிலும் ஒரு மூலை நாற்காலியைப் பிடித்து, காலை மடக்கிக்கொண்டு கண்ணைக் கட்டிக்கொண்டாள். போய்ச் சேர்ந்து எழுந்து நின்றபோது இடது கால் தன்னுடையது இல்லை என்பது போல இருந்தது. மரத்துப் போயிருக்கிறது என்று நினைத்தாள். வெளியே வந்து முதல் வேலையாகப் போன் செய்தாள்.

"வந்துட்டேங்க. நீங்க சொன்னபடியேதான். ஒரு சொட்டு குடிக்கல."

சித்தப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமலே வலைக்காரரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். "ஜீரோ!" என்று கூரை அதிர்ந்தது. அந்தச் சத்தம் சித்திக்கும் கேட்டது.

அடுத்த நாள் கால் வீங்கியது. அதற்கு மறுநாள் கெண்டைக்கால் கொதித்தது; அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. புது இடம், வந்தவுடனே நோய் என்று சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திங்கட்கிழமை பட்டறைக்குப் போனாள். முதல் காலரை வெட்டிக்கொண்டிருக்கும்போதே மூச்சுக் கிடைக்காமல் மேஜைமேல் சாய்ந்துவிட்டாள். காலில் உறைந்த ரத்தக் கட்டி ஒன்று கிளம்பி நுரையீரலில் போய் அடைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் பெரிய கட்டியாக இருந்திருந்தால் மேஜையிலிருந்தே பிணமாகத் தூக்கிப் போயிருப்பார்கள் என்று மருத்துவர் சொன்னாராம். பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரையோடு வெளியே வந்தாள். இப்போதைக்கு விமானமே ஏறக் கூடாது, அப்புறமும் நீண்ட பயணம் ஆபத்துதான் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நான் ஊர் திரும்பியது இதெல்லாம் நடந்து நான்கு மாதம் கழித்து. சித்தப்பாவைப் பார்க்கக் கொட்டகைக்குத்தான் போனேன். பையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? நாடோடிக் கழுதை. எத்தனை மணி ஊர்லேருந்து வர்ற?"

"கணக்கு வெச்சுக்கல சித்தப்பா."

"அதான் இளைச்சுப் போயிட்ட," என்று சொல்லிவிட்டு, பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றினார். சிலிண்டர் குழாயைச் செருகி நிரப்பி, கழுத்தை முறுக்கி ரப்பர் பேண்டு போட்டு, ஒரு விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"தப்பு எங்க நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"எதுல?"

"உன் சித்தி விஷயத்துல. ஆகாசத்துல ஒண்ணும் ஆகல. நடுவுல ஏழு மணி நேரம் தரையில போட்டுட்டான். வெளிச்சத்துல, சத்தத்துல. அங்கதான் கெட்டிருக்கு. திரும்பி வரும்போது இன்னும் ஒரு நாள் கூட்டிப் பட்டினி போட்டுடணும். தூக்க மாத்திரை ஒண்ணு கொடுத்துட்டா அசையவே மாட்டா."

அவர் குரலில் நிம்மதி இருந்தது. நீண்ட விமானப் பயணத்தில் தண்ணீர் குடிக்காமல், காலை அசைக்காமல் கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். காலை நீட்டி மடக்கு, தண்ணீர் குடி என்று படம் போட்ட அட்டையை எத்தனை விமானங்களில் பார்த்திருக்கிறேன். வெளியே வந்து சித்திக்குப் போன் செய்தேன்.

"அவரு சொன்னபடி செஞ்சதுனாலதான் இப்படி ஆச்சுன்னு தெரியுமா உனக்கு?"

பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடுவது கேட்டது.

"டாக்டர் முதல் நாளே கேட்டாரு. தண்ணி குடிச்சீங்களா, நடந்தீங்களான்னு. தாகமே எடுக்கலன்னு சொல்லிட்டேன். யார் சொன்னதுன்னு சொல்லல."

"சித்தப்பாகிட்டயாவது சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம்மா. நீயும் சொல்லாத. அந்த மனுஷன் இத்தனை வருஷத்துல ஒழுங்காக் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டா அவருகிட்ட என்ன இருக்கும்? நான் வரும்போது பேசாம குடிச்சுக்கறேன். அவரா வந்து பாக்கப் போறாரு?"

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் அன்றிலிருந்து சித்தப்பா வாரா வாரம் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போனார். விமானத்தில் வைத்துக்கொள்ள ஐஸ் பை. காலைச் சேர்த்துக் கட்டத் துணி. தூக்க மாத்திரை ஒன்றல்ல, இரண்டு. மாத்திரையைச் சித்திக்கு அனுப்புவதற்கே ஆள் பிடித்துவிட்டார். சித்தி இருக்கும் பட்டறைக்குப் போகும் யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பப் போகிறாராம். சித்தி அவர் முகத்துக்காக ஒன்றையாவது விழுங்கிவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. பட்டினி கிடந்தவள்தானே.

ஒரு நாள் கொட்டகையில் அவர் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டேன். மெதுவாக, சுற்றி வளைக்காமல். ரத்தம் எப்படிக் கெட்டியாகிறது, கால் அசைந்தால்தான் அது ஓடும், தண்ணீர் இல்லாவிட்டால் எப்படி உறையும் என்பதையெல்லாம். அவர் கை நிற்கவில்லை. ஒரு பை கட்டினார். இன்னொரு பை கட்டினார். மூன்றாவது பையில் ரப்பர் பேண்டை எத்தனை சுற்று சுற்றுகிறோம் என்றே தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"குடிக்கணுமா?"

"அடிக்கடி. ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கணும்."

"அவளுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஆஸ்பத்திரியிலேருந்தே."

"அப்புறமும் போன்ல, 'நீங்க சொன்னபடி வந்ததுனாலதான் உயிரோட இருக்கேன்'னு சொன்னாளே," என்றார். அதை அவர் என்னிடம் கேட்கவில்லை.

வலைக்காரர் தூரத்திலிருந்து, "என்ன, பொட்டலமும் அண்ணன் பொண்ணும் ரகசியம்? எனக்கும் ஒரு வாய் கொடுங்க," என்றார். பிறகு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போனார்.

அதற்குப் பிறகு கொட்டகையில் சாவு தொடங்கியது. முதலில் பதினெட்டு மணி ஊரிலிருந்து செய்தி வந்தது: கால்வாசி செத்திருந்தது. அடுத்த வாரம் பாதி. முதலாளியம்மா தண்ணீரைச் சோதித்தார், சிலிண்டரை மாற்றினார், பையை மாற்றினார். சாவு நிற்கவில்லை. காரணத்தைக் கண்டது வலைக்காரர்தான். பொட்டலம் கட்டும் நாள் காலையில், யாரும் வருவதற்கு முன்னால், சித்தப்பா தொட்டி தொட்டியாகப் போய்த் தீனி தூவிக்கொண்டிருந்தாராம்.

"அண்ணே, என்ன பண்றீங்க? இன்னைக்குப் போற உருப்படி அது!"

"பாவம். சாப்பிட்டுட்டுப் போகட்டும்," என்றாராம் சித்தப்பா.

முதலாளியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "கொஞ்ச நாள் வீட்டுல இருங்கண்ணே," என்று மட்டும் சொன்னார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய கால்விரல்கள் உலர்ந்தன.

சித்தி மாலையில் போன் செய்வாள். பழையபடி எல்லாம் கேட்பாள். அவர் 'ம்' கொட்டுவார். ஒரு நாள் நான் பக்கத்திலிருக்கும்போதே கேட்டாள்:

"வருஷம் முடிஞ்சு போச்சு. இன்னும் கொஞ்ச நாள்தான் இங்க இருக்க விடுவாங்க. டாக்டர் வேற, துண்டு துண்டாப் போகலாம்னு சொல்லிட்டாரு. எப்படி வரட்டும், நீங்க சொல்லுங்க."

"எனக்கு என்ன தெரியும்? டாக்டரையே கேளு."

"அவரைக் கேட்டாச்சு. உங்களைத்தான் கேக்கறேன்."

"என்னைக் கேக்காத," என்று போனை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

"சொல்லிட்டியா?" என்றாள் சித்தி.

"சொல்லிட்டேன்."

"சரி விடு. இனிமே எதுனாலும் அவருகிட்ட நானே எழுதிக்கறேன். படிக்காமலா இருந்துடுவாரு?"

வழியை நானும் சித்தியுமாகப் போட்டோம். ஒரே மூச்சில் வரக் கூடாது. சின்னச் சின்ன விமானமாக ஏறி, ஒவ்வோர் ஊரிலும் ஒரு நாள் தங்கி, நடந்து, படுத்து, மறுபடி ஏற வேண்டும். இறுக்கமான காலுறை முழங்கால் வரை. ஏறுவதற்கு முன், ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஓர் ஊசி. காலில் வலியோ சூடோ வீக்கமோ தெரிந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பது மருத்துவரின் கண்டிப்பு. நான் இணையதளத்தில் இரண்டிரண்டு ஊராகப் போட்டுக்கொண்டிருந்தபோது சித்தப்பா முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். மாதக் கணக்கில் அவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

"முதல்ல நாலு மணி. அப்புறம் மூணரை. இது என்ன இவ்வளவு நீளம்?"

"அது கடல் சித்தப்பா. ஒன்பதரை மணி."

"அதையும் ரெண்டாப் பிரி."

"நடுவுல ஊர் இருந்தாத்தானே? இறங்க இடமே இல்ல."

"சுத்திப் போ."

"சுத்தினா பதினொண்ணு ஆகுது."

"கப்பல்?"

"ஆள் ஏத்திக்கிட்டு வர கப்பல் இப்ப இல்ல. சரக்குக் கப்பல்தான்."

அவர் திரையில் விரலை வைத்து அந்தக் கோட்டின் மேல் இப்படியும் அப்படியும் தடவினார். இருபது வருஷமாகத் தரைக்குத்தான் பயந்துகொண்டிருந்தவர். விரலை எடுத்தபோது படம் நகர்ந்து வெறும் நீலம் மட்டும் இருந்தது.

"அது முடிஞ்சா?"

"முடிஞ்சா மூணு மணியில இங்க."



சித்தி புதன்கிழமை கிளம்பினாள். முதல் ஊரில் இறங்கியதும் அவருக்குச் செய்தி வந்தது. 'இறங்கிட்டேன். விமானத்துல நடந்த நடையில பாதி பேர் என்னைப் பணிப்பெண்ணுன்னு நினைச்சு டீ கேட்டாங்க.' சித்தப்பா அதைப் படித்தார். உதடு லேசாகக் கோணியது, சிரிப்பாகவும் இருக்கலாம். பதில் எழுத எடுத்த போனைக் கையிலேயே வெகு நேரம் வைத்திருந்து கீழே வைத்துவிட்டார். தான் ஏதாவது சொன்னால் அவள் அதன்படி செய்துவிடுவாள் என்று பயந்தார்.

"தண்ணி குடின்னாவது எழுதுங்க," என்றேன்.

"நீ எழுது."

நான் எழுதினேன்.

இரண்டாவது விமானம் இறங்கியதை, பறக்கும் விமானங்களைக் காட்டும் இன்னோர் இணையதளம் காட்டியது. சித்தியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் தங்கும் விடுதியில் இணைப்புக் கிடைக்கவில்லையோ என்னவோ. மறுநாள் காலை அவள் கடலைத் தாண்டும் அந்த நீள விமானம் ஏற வேண்டும். நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். மணி அடிக்கவே இல்லை. சித்தப்பா சமையலறையில் ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்து, குடிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நேரம் ஆனது. திரையில் சின்னதாக ஒரு விமானம் கரையை விட்டு நகர்ந்து நீலத்துக்குள் வந்தது. கரை கண்ணுக்குத் தெரியாத அளவு அது உள்ளே போன பிறகு, பிற்பகலில், அவருடைய போன் ஒரு முறை அதிர்ந்தது. விமான நிலையத்திலிருந்து ஏறும் முன் சித்தி அனுப்பியது. அந்தச் செய்தி மூன்று மணி நேரம் எங்கேயோ கிடந்துவிட்டு, இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. சித்தப்பாவுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. என்னைப் படிக்கச் சொன்னார்.

'ஏங்க, நீங்க பேச மாட்டேன்னாலும் படிப்பீங்கன்னு தெரியும். அதான் உங்களுக்கு எழுதறேன். நேத்திலேருந்து இடது கெண்டைக்கால் சூடா இருக்கு. காலுறை இறுக்கம்தான்னு கழட்டிட்டேன், இப்ப தேவலை மாதிரி இருக்கு. இங்க சொன்னா ஏத்த மாட்டாங்க, மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஆறு மாசம்னு இழுத்துடுவாங்க. அதனால யாருகிட்டயும் சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன். வேண்டாம்னா இப்பவே ஒரு வார்த்தை எழுதுங்க, இறங்கிடறேன். கதவு மூடற வரைக்கும் போனைக் கையிலதான் வெச்சிருப்பேன்.'